சங்கிலி அதிர்கிறதா?

பல் டாக்டராக இருந்தவரைக்கும் அவள் கணவர் சண்டையென்றால் கிளினிக்குக்குக் கிளம்பிவிடுவார். இப்போது கிளினிக்கே இல்லை. அதை விற்று வாங்கிய பாய்மரப் படகுதான் இரண்டு வருஷமாக வீடு, வாசல், பள்ளிக்கூடம் எல்லாம். நாற்பதடி நீளத்தில் கோபித்துக்கொண்டு எங்கே போவது?

"அடுத்த துறைமுகத்துல நானும் பொண்ணும் இறங்கிடுறோம். நீங்க உங்க கடலையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று காலையில் அவள் சொல்லிவிட்டாள். ஒரு மாதமாகச் சொல்வதுதான். அவர் தண்ணீர் கேன்களையும் எட்டு வயது மகளையும் துடுப்புப் படகில் ஏற்றிக்கொண்டு, எதிரே இருந்த ஆளில்லாத் தீவுக்குப் போய்விட்டார். அவள் உள்ளே படுத்து ஒரு பாட்டம் அழுதாள், அப்படியே கண்ணயர்ந்தும் போனாள்.

மதியம் மேலே வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்னால் இருந்த தீவைக் காணோம். வெறும் கடல். திரும்பினால், தீவு முதுகுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில் நின்றது. நடுவே பவளப்பாறைமேல் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

காற்று திரும்பினால் படகும் நங்கூரத்தைச் சுற்றித் திரும்பும், முளையில் கட்டிய மாடு மாதிரி. அது அவளுக்குத் தெரியும். ஆனால் திரும்பியது மட்டும்தானா, நங்கூரம் பிடி நழுவி இழுபட்டும் வருகிறதா? நங்கூரம் அவருடைய இலாகா. பல் பிடுங்கியவர் நங்கூரம் பிடுங்குகிறார் என்று கேலி செய்ததோடு சரி, ஒருநாளும் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டதில்லை.

இழுபடுகிறதென்றால் உடனே எஞ்சினைப் போட்டு நங்கூரத்தைத் தூக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் பாறை. நன்றாகப் பிடித்திருப்பதை ஒற்றை ஆளாகத் தூக்கிவிட்டாலோ, இந்தக் காற்றில் அப்போதும் பாறைதான். பத்து வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இந்தக் கணக்கு வரவில்லை. கரையில் அவர் ஏதோ கத்தி இரண்டு கைகளையும் வீசினார். எதிர்க்காற்றில் குரல் எட்டவில்லை. தூக்கு என்கிறாரா, தொடாதே என்கிறாரா?

எஞ்சினைப் போட்டாள். படகின் முன்பக்கம் ஓடினாள். பிடி நழுவினால் சங்கிலி அதிரும் என்று அவர் மகளிடம் சொன்னது ஞாபகம் வர, சங்கிலியைத் தொட்டாள். அதிர்ந்தது. ஐயோ! ஆனால் எஞ்சின் ஓடினால் படகே அதிருமே? ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து தொட்டாள். இன்னும் அதிர்ந்தது. அதிர்வது சங்கிலியா, தன் கையா? அதுவும் புரியாமல், மண்டியிட்டுக் கன்னத்தைச் சங்கிலியில் வைத்தாள். சங்கிலி விறைப்பாக, அசையாமல் இருந்தது. தூக்கப் போவதில்லை என்று முடிவு செய்தாள். சரியான முடிவுதானா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

எதிர்க்காற்றில் அவர் துடுப்புப் போட்டு வந்துசேர அரைமணி ஆனது.

"அம்மா, அப்பா அழுதுக்கிட்டே வந்தார்" என்றாள் மகள்.

"படகும் போச்சு, நீயும் போயிட்டன்னு நெனச்சேன். ஏன் தூக்கல?"

"பிடிச்சிருக்குங்க. தொட்டுப் பார்த்தேன்."

அவரும் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். நன்றாகவே பிடித்திருந்தது. "நானா இருந்தா பதறிப்போய்த் தூக்கியிருப்பேன். போதும். அடுத்த துறைமுகத்துல மூணு பேருமே இறங்கிடலாம். நீ சொன்னதுதான் சரி."

இந்த வார்த்தைக்குத்தான் ஒரு மாதமாக அவள் மல்லுக்கட்டினாள். கிடைத்ததும் சந்தோஷம் வர வேண்டாமா? வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்றும் தெரியவில்லை.

"நெசமாவே இறங்குறோமாம்மா?" என்று மகள் அவள் முகத்தைப் பார்த்தாள்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "முதல்ல இந்த நங்கூரத்தை எப்படித் தூக்குறதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுங்க. இறங்குறதப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.