இடம் மாறிய கட்டை

வாசலில் தலையை இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார் கட்டட ஆய்வாளர் ஹார்கிரீவ். 'நீல எருது' பப்புக்கு முதல்முறை வரும் நெட்டைக்காரர்கள் எல்லோருக்கும் இதே வரவேற்புதான். நிலையின் மேற்கட்டை இடது பக்கம் நாலு விரல் தாழ்ந்திருக்கும்.

"வாங்க சார். முத்திரை குத்தியாச்சு, இனி நீங்க எங்க ஆளு!" என்றாள் பப்பை நடத்தும் தெல்மா, பீர் குழாயை இழுத்தபடியே.

அவர் சிரிக்கவில்லை. நடுச்சுவரை இடித்துச் சாப்பாட்டுக்கூடம் கட்டப் பார்க்கிறது கட்டடத்தை வாங்கிய கம்பெனி. சுவர் அசல் பழசு என்று அவர் எழுதினால் யாரும் அதைத் தொட முடியாது. இல்லையென்றால் திங்கட்கிழமை கடப்பாரை வரும்.

டார்ச் அடித்து அந்தச் சுவரின் மரச்சட்டங்களை ஆராய்ந்தார். மேற்கட்டையைத் தாங்கும் கட்டைகளில் எது எந்தத் தூணுக்கு என்று தெரிய, அந்தக்கால ஆசாரிகள் உளியால் ரோமன் எண் வெட்டியிருந்தார்கள்.

"தூண்ல எட்டு, தாங்குகட்டையில ஏழு. பொருந்தலையே மேடம்! எங்கேயோ வாங்கின பழைய மரத்தை யாரோ பின்னாடி சொருகியிருக்காங்க."

கணப்பருகே இருந்த ஆட்டுப்பண்ணை ஜெத்ரோ முனகினான். "போச்சுடா! இனி தட்டும் கரண்டியும்தான்."

"நீ வாயை மூடிக்கிட்டுக் குடி, ஜெத்ரோ" என்றாள் தெல்மா. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு கட்டையையும் துடைத்தவள் அவள். "சார், டார்ச்சோட வாசலுக்கு வாங்க."

அந்தச் சுவரின் மறுமுனைதான் வாசல் தூண். அதில் ஏழு, அதன் தாங்குகட்டையில் எட்டு.

"ரெண்டும் இடம் மாறிப்போச்சு. சட்டத்தைத் தூக்கி நிறுத்தின அன்னிக்கு ஆசாரிங்க மத்தியானமே பீர் பீப்பாயைத் திறந்திருப்பாங்க. குட்டைக் கட்டை இங்க வந்துடுச்சு, நிலை தொங்கிடுச்சு. போலி பண்றவன் எண்ணை ஒழுங்கா வெட்டுவான் சார். இப்படி ஒரு தப்பு அசல் ஆசாரிக்குத்தான் வரும்."

ஹார்கிரீவ் இரண்டையும் அளந்தார். எட்டாம் எண் கட்டை நாலு விரல் குட்டை. இரண்டு மூட்டிலும் அதே கறுத்த ஓக் மர ஆணி. ஒருநாளும் பிடுங்கிய தடமில்லை. பேனாவை எடுத்தார்.

"சுவர் அசல். தொடக் கூடாது."

"வாசல்?" என்றாள் தெல்மா விடாமல்.

நெற்றியைத் தடவிக்கொண்டே அடுத்த வரியையும் எழுதினார்: "நிலையையும் நிமிர்த்தக் கூடாது."