எதிராளியின் முறை

ராப் பாடுகிறவர்கள் மத்தியில் அவனுக்கு ஆணி என்று பெயர். மூடிக்கிடந்த ஒரு கார் ஷெட்டில் நடக்கும் ராப் போட்டிகளில்தான் வளர்ந்தான். எதிரே நிற்பவனை வார்த்தையாலேயே தோலுரித்துத் தொங்கவிடுவான். மூக்கு உடைபட்ட நாளும் உண்டு, உடைத்த நாளும் உண்டு. அங்கே கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான்: யாரைத் திட்டிப் பாடினாயோ, அவன் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு, அவன் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். அதனால் எவனும் முழுப்பொய் பாடமாட்டான். பாடினால் அடுத்த நிமிடமே மானம் கப்பலேறிவிடும்.

பெரிய மியூசிக் கம்பெனி ஒன்று அவனைத் தேடி வந்தது. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "அடிதடியெல்லாம் ஊர்ல எல்லாரும் பாடுறாங்க. உன் சொந்த வீட்டு ரத்தத்தக் கொண்டா. அதுதான் விக்கும்."

கொண்டுவந்தான். அப்பா இரும்புக் குழாயால் அம்மாவை அடித்த அன்று அண்ணன் கட்டிலுக்கடியில் பதுங்கினான், நான்தான் குறுக்கே பாய்ந்தேன் என்று பாடினான். நடந்தது நேர்மாறு. பாய்ந்தவன் அண்ணன். குழாய் அவன் தாடையை நொறுக்கியது, பற்கள் தரையில் சிதறின, இன்றுவரை பேச்சு குழறுகிறது. பதுங்கியவன் ஆணி. ஒலிப்பதிவு அறையில் எதிரே மைக்கும் கண்ணாடியும்தான் இருந்தன, பதில் சொல்ல ஆளில்லை. அந்தச் சௌகரியத்தில் பொய் தங்குதடையில்லாமல் வந்தது. வெட்கங்கெட்ட வேலைதான்.

வெளியீட்டு விழாவுக்கு அண்ணன் இறைச்சிக் கடைக்கு லீவு போட்டுவிட்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான். முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் "என் தம்பி, என் தம்பி" என்று பெருமை பீற்றிக்கொண்டான். அந்தப் பாட்டை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டான்.

பாட்டு முடிந்ததும் எழுந்து மேடையடிக்கு வந்து கையை நீட்டினான். ஷெட்டுக்கு வந்து பழகியவன், முறை தெரிந்தவன்.

"மைக்கக் குடுடா தம்பி. இப்ப என் முறை."

மைக்கோடு ஆணியின் கை பாதி தூரம் போனது. காதில் மாட்டியிருந்த இயர்போனில் மேனேஜர் சீறினார்: "குடுத்தேன்னா இன்னியோட நீ காலி."

அதற்குள் காவலாட்கள் இரண்டு பேர் அண்ணனின் கழுத்தை வளைத்துப் பிடித்தார்கள். உதறினான். ஒருவன் முழங்காலால் வயிற்றில் இடித்தான், இன்னொருவன் தடியால் முகத்தில் ஓங்கி அடித்தான். ஏற்கெனவே கோணிப்போன அதே தாடை. எலும்பு முறிந்த சத்தம் மேடைவரை கேட்டது. இஸ்திரிச் சட்டை முழுக்க ரத்தம். கூட்டம் இதையும் நிகழ்ச்சி என்று நினைத்து விசிலடித்தது. "போடு! போடு! இன்னும் போடு!"

"ஒரே ஒரு வார்த்தடா..." தரையில் விழுந்த அண்ணன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே மறுபடி கையை நீட்டினான்.

அந்த ஒரு வார்த்தை வெளியே வந்தால் தன் கதி என்ன ஆகும் என்று ஆணிக்குத் தெரியும். கொடுத்துவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கை மட்டும் பின்னால் வந்துவிட்டது.

மேடை மூலையில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த டிஜே பக்கம் திரும்பினான்.

"அடுத்த பாட்டப் போடுண்ணே."

'அண்ணே' என்றதும், கீழே கிடந்தவன் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று தலையைத் தூக்கிப் பார்த்தான்.