அரசிக்கு ஒரு சிறுமனை

யூரா மலைமுடிகளில் மஞ்சள் பூசிய மாலை வெயில் மெல்ல விலக, பனியுருகிய நீரைச் சுமந்து ஆரே ஆறு ஓசையின்றி ஒழுக, பழைய மதில்களும் மணிக்கோபுரமும் ஒருங்கே மங்கிக்கொண்டிருந்த சோலோதுர்ன் நகரிலே, மன்னரென எவரையும் வணங்காத அம்மேலைநாட்டின் கட்டடக்கலைக் கூடமொன்றில், கடல்கடந்த தேயத்து மன்னருக்கான புதிய அரண்மனை தாளிலே எழுந்துகொண்டிருந்தது. முன்கட்டிலே தூதுவரை வரவேற்கும் பேரவையும், குடிமக்கள் குறைசொல்லும் கூடமும், ஆணைகளில் ஒப்பமிடும் அறையும் அமைய, பின்கட்டு அரச குடும்பத்தின் உறைவிடமாயிற்று.

பின்கட்டை வரைந்தவள் ஜெயகௌரி. மகளுக்கே வீடு, மணமகன் அங்கு வந்து வாழ்பவன் என்னும் மட்டக்களப்பு வழக்கம் அவளறியாமலே விரல்வழி இறங்கி, அரசியின் கூடத்தைக் கடந்தன்றி அரசர் தம் படுக்கையறையை அடையவியலாதபடி வாயிலை அமைத்துவிட்டது.

அதைக் கண்ட தலைமைக் கலைஞர் பாலச்சந்தர், தஞ்சைப் பக்கத்தவர், சிரித்துவிட்டார்.

"என்னம்மா, ராஜாவை வீட்டோட மாப்பிள்ளை ஆக்கிட்டே?"

"எங்கட ஊரில எல்லா மாப்பிளையும் அப்பிடித்தான் அண்ணா."

பின்னர் அவர் பொறுமையாக விளக்கினார்: அரண்மனை அரியணைக்கு உரியது, அரசர் மறைந்தால் அரசி வெளியேற, அடுத்தவர் குடிபுகுவார்.

ஜெயகௌரியின் முறுவல் அவிந்தது. சென்ற மாரியில் கணவன் நிருசனை இழந்தவள் அவள். செவிலியனாகிய அவனுக்கு மருத்துவமனைப் பணியோடு கிடைத்த வீட்டை இவ்வார இறுதியில் ஒப்படைத்து, தங்கை யாதவியின் வீட்டுச் சிற்றறைக்குப் பெயரவிருந்தாள்.

"அப்ப அந்த மனுசி எங்க போறது?"

"தோட்டத்துக் கடைசியில சின்ன வீடு ஒண்ணு இருக்கும். அதையும் நீயே வரைஞ்சுடும்மா." சொல்லி முடித்த பின்னரே அவள் நிலை நினைவுக்கு வர, பாலச்சந்தர் தலைகுனிந்தார்.

அவள் மறுக்கவில்லை. காலை வெயில் புகும் பலகணியும், ஒருவர்க்குப் போதுமான அடுக்களையும் வரைந்தாள். அச்சிறுமனையை அரண்மனையோடு இணைக்கும் மூடிய நடைவழியொன்றை வரையலாமா எனக் கேட்டாள். புதிய அரசிக்கு அது உவப்பாகாதென அவர் தயங்கித் தயங்கிச் சொல்ல, அவ்வெண்ணத்தை விடுத்தாள். இறுதியாகக் கட்டிலை வரைந்தபோது, பழகிய கரிக்கோல் தலைமாட்டில் இரண்டு தலையணைகளை இட்டுவிட்டது. நெடுநேரம் நோக்கியிருந்து, வலப்புறத்ததை அழித்தாள். எஞ்சியதைக் கட்டிலின் நடுவுக்கு நகர்த்த மட்டும் அவளுக்குக் கை வரவில்லை.

மணிமுடி தாங்கிய தலைக்கும், நோயுற்றோரைத் தாங்கிய தோளுக்கும் இறப்பு ஒன்றே. எஞ்சியிருப்பவர்க்கோ, மனை மாறினும், கட்டிலில் தாம் படுக்கும் பக்கம் மாறுவதில்லை.