மாவில்லாத புட்டு

சிங்கராசாவுக்கு ஒரு பழக்கம். எஞ்சின் ஏன் நின்றது என்று மட்டும் பார்க்கமாட்டார். ஓடுகிற எஞ்சின் ஏன் ஓடுகிறது என்றும் பார்ப்பார். மன்னாரில், தாழ்வுபாட்டுக் கரையில் அவருடைய தகரக் கொட்டகைக்குள் எந்நேரமும் இரண்டு மூன்று படகு எஞ்சின்கள் வயிறு திறந்தபடி கிடக்கும். இருபது வருடம் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்துவிட்டு, சண்டை முடிந்த மறுவருடம் மனைவி செலீனாவோடும் மகள் டினோஜாவோடும் ஊர் திரும்பியவர். வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன்னமே கொட்டகைக்குக் கூரை போட்டுவிட்டார் என்று செலீனா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

செலீனா கோயில் வளவில் இருந்த பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். ஊர் திரும்பிய இரண்டாம் வருடம் அவளுக்குக் கால் விறைக்கத் தொடங்கியது. எவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துவிட்டுச் சீனி வருத்தம் என்றார்கள். மருந்து எழுதிக் கொடுத்த பிறகு தாதி, "மாச்சாப்பாட்டைக் குறையுங்கோ" என்றும் சொன்னார். செலீனா அதைச் "சீனியை விடுங்கோ" என்று விளங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்த ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கென்று பிரான்சிலிருந்து அவளுடைய அக்கா அன்ரோனெற் வந்தார். தங்கச்சிக்குச் சீனி வருத்தம் என்று கேள்விப்பட்டுப் பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்திருந்தார். விரலில் குத்தி இரத்தத்தில் சீனி பார்க்கிற ஒரு சின்ன மெசின், அதில் இரத்தம் தொட்டு வைக்கிற பட்டிகள் நூறு, சீனி போடாத பிஸ்கற் பக்கெற்றுகள், அழுத்தினால் 'டிக்' என்று ஒரு இனிப்புக் குளிசை விழுகிற சின்னச் சின்ன டப்பிகள்.

செலீனாவுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. தேத்தண்ணிக்கு நாலு டிக். பின்னேரத் தேத்தண்ணிக்கு ஐந்து டிக், கூடவே ஆறு பிஸ்கற். சோறு வழக்கம்போல் கோப்பை நிறைய. சீனியைத்தான் தொடுவதில்லையே, பிறகென்ன.

அக்கா திரும்பிப் போய் ஒரு மாதம் கழித்துக் கிளினிக்கில் பார்த்தால் சீனி முன்னையதைவிடக் கூடியிருந்தது. வீட்டுக்கு வந்த செலீனா கதிரையில் இருந்து அழுதாள்.

"ஒரு கரண்டி சீனி வாயில வைக்கேல்லை. மாதாவே சாட்சி. பிறகு எங்கயிருந்து வருது?"

சிங்கராசா அவளைத் தேற்றவில்லை. அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. எங்கயிருந்து வருது?

மறுநாள் காலை கொட்டகைக்குப் போகாமல் மெசினைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். எஞ்சினில் பழுது தேடுகிறவன் ஒரே நேரத்தில் நாலு சாமானை மாற்றமாட்டான். மாற்றினால் எது பழுது என்று தெரியவராது. "ஒரு நாளைக்கு ஒண்டை மட்டும் பாப்பம்" என்றார். "சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்தால குத்துறது. அவ்வளவுதான்."

"என்னை எஞ்சின் எண்டு நினைச்சீங்களோ?" என்று செலீனா முறைத்தாள். ஆனாலும் விரலை நீட்டினாள். அவளுக்கும் அறிய ஆசையாகத்தான் இருந்தது.

குசினிச் சுவரில் தொங்கிய கோயில் கலண்டரில் டினோஜா பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சோறு சாப்பிட்ட நாள் இருநூற்று அறுபத்தெட்டு. சிவப்பரிசிச் சோற்றுக்கு இருநூற்றைம்பது. கேழ்வரகு என்கிற குரக்கனில் அவித்த புட்டு நல்லது என்று ஊரெல்லாம் சொன்னது. அதற்கு இருநூற்று நாற்பத்தேழு வந்தபோது செலீனா மெசின் பழுது என்றாள். சிங்கராசா தன் விரலில் குத்திப் பார்த்தார். நூற்றுப் பத்து, வருத்தம் இல்லாத ஆளுக்கு வருகிற எண். மெசின் பழுதில்லை.

அடுத்தது பிஸ்கற். காலையில் வேறொன்றும் இல்லாமல் தேத்தண்ணியும் ஆறு பிஸ்கற்றும். இருநூற்று முப்பத்தொன்று. செலீனா பிஸ்கற் பக்கெற்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"சீனி இல்லையெண்டுதானே போட்டிருக்கு?"

"சீனி இல்லை. ஆனால் பிஸ்கற்றை எதில செய்யிறது?" என்று சிங்கராசா மெதுவாகக் கேட்டார்.

"மாவில."

"அந்த மா உள்ளுக்குப் போய் என்னவா மாறுது? தாதி மாச்சாப்பாடு எண்டு சொன்னது அதைத்தான்."

மறுநாள் முருங்கையிலை வறை, இரண்டு முட்டை, சூடை மீன் சொதி. சோறில்லை. மெசின் நூற்றைம்பத்தெட்டு காட்டியது. டினோஜா அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டாள்.

இனி இனிப்புக் குளிசை. வெறும் தேத்தண்ணியில் போட்டுப் பார்த்தார்கள். எண் ஏறவில்லை. செலீனா வென்றவள்போல் பார்த்தாள். ஆனால் சிங்கராசாவுக்கு அது போதவில்லை. ஏறவில்லை என்றால் இது என்னதான் சாமான்? ஒரு குளிசையைப் பொடியாக்கி ஓட்டுத் துண்டொன்றில் வைத்தார். பக்கத்தில் ஒரு சிட்டிகை சீனி. எறும்புகள் வந்து சீனியை மொய்த்தன. பொடியைச் சுற்றிக்கொண்டு போயின.

"எறும்புக்குச் சீனி வருத்தம் வராது. அதுக்கு ஏன் இது?" என்றாள் செலீனா.

நியாயமான பேச்சுத்தான். எறும்பு சொன்னதை வைத்து ஒரு முடிவுக்கும் வரமுடியாது என்று அவருக்கும் தெரியும். அதனால் தானே நாலு குளிசை போட்டுத் தேத்தண்ணி குடித்துப் பார்த்தார். இனிப்பு நாக்கை விட்டு இறங்க மாட்டேன் என்றது. மத்தியானம் பாரை மீன் குழம்பும் இனித்தது. தேத்தண்ணி குடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஏதாவது இனிப்பாகத் தின்னவேண்டும் போலவும் வந்தது. செலீனா ஏன் அந்த ஆறு பிஸ்கற்றைத் தேடிப் போகிறாள் என்று அப்போதுதான் அவருக்கு ஒரு ஊகம் பிடிபட்டது.

"இதில்லாட்டி என்ன செய்யும் உனக்கு?" என்று கேட்டார். குற்றம் சொல்லும் கேள்வியல்ல, அறியக் கேட்டது. அவளுக்கு அது விளங்கியது. முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"மண்டபத்தில டினோஜா பிறந்த வருசம் ஞாபகம் இருக்கோ? ராத்திரிச் சாப்பாடு பிள்ளைக்கும் உங்களுக்கும்தான் காணும். நான் சீனி அள்ளிப் போட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுப்பன். இனிப்பு வாயில இருந்தால் பசி தெரியாது. இப்ப பசியில்லை. ஆனால் வாய் கேக்குது."

இருபது வருடம் பக்கத்தில் படுத்தவருக்கு இது தெரியாது. சிங்கராசா எழுந்து கொட்டகைக்குப் போய், அன்று காலையிலேயே முடித்திருக்கவேண்டிய ஒரு எஞ்சினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

கிளினிக்கில் தாதியிடம் இரண்டுபேருமாகக் கேட்டார்கள். "ஒண்டு ரெண்டு போட்டால் பெரிய கெடுதல் எண்டு நான் சொல்லமாட்டன்" என்றார் தாதி. "ஆனால் அது இருக்கிற மட்டும் வாய் இனிப்பையே கேட்டுக்கொண்டிருக்கும். குறைச்சுப் பாருங்கோ. மருந்தை மட்டும் விட்டிடாதேங்கோ. சாப்பாட்டை மாத்தினால் வந்து காட்டுங்கோ, மருந்தின்ர அளவையும் பாக்கவேணும்." ஐந்து டிக் மூன்றானது. மூன்று ஒன்றானது. மார்கழியில் ஒரு நாள் இஞ்சியும் ஏலமும் தட்டிப்போட்ட வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் செலீனா சொன்னாள், "தேயிலைக்கு இப்பிடியொரு வாசம் இருக்கெண்டே எனக்குத் தெரியாது."

சோற்றை விடுவதுதான் கடினமாக இருந்தது. அதைவிடக் கடினம் தனிக் கோப்பை. வீட்டில் எல்லோரும் புட்டுச் சாப்பிட, அவள் மட்டும் ஒரு மூலையில் கீரை சாப்பிடுவது அவளுக்கு நோயாளி என்று எழுதி ஒட்டியதுபோல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சிங்கராசா, "இனி ஒரு சட்டிதான். எல்லாருக்கும் ஒண்டு" என்றார்.

"அப்ப எனக்குப் புட்டு?" என்று டினோஜா கேட்டாள்.

"புட்டு இருக்கும். மா இராது."

சொல்லிவிட்டார். எப்படி என்று அவருக்கே தெரியாது. எஞ்சின் எண்ணெய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுக் குசினிக்குள் இறங்கினார். கோவா என்கிற முட்டைக்கோசை மா மாதிரிப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ கலந்து, பனையோலை நீத்துப்பெட்டியில் அவித்தார். கஞ்சியாக வந்தது. மறுமுறை கோவாவுக்கு உப்புப் பிரட்டி வைத்துத் துணியில் போட்டுப் பிழிந்தார். தண்ணீர் போய்விட்டது, ருசியும் போய்விட்டது. மூன்றாவது தடவை செலீனா தேங்காய் திருவும் திருவலையில் இருந்தபடியே, "தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் வறுத்துப் போடுங்கோ, மிச்சத் தண்ணியை அது குடிக்கும். சுறாவை அவிச்சு உதிர்த்துப் போடுங்கோ, அது ருசி தரும்" என்றாள். மிளகும் மஞ்சளும் பச்சைமிளகாயும் அவள் போட்டாள்.

நீத்துப்பெட்டியைக் கவிழ்த்தபோது ஒரு நொடி புட்டுப்போல் நின்று, பிறகு பொலபொலவென்று உதிர்ந்தது.

"நிக்குதில்லையே" என்றார் சிங்கராசா.

"புட்டெண்டால் உதிரத்தானே வேணும்" என்றாள் செலீனா. நண்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்கள். டினோஜா இரண்டாம் முறையும் கோப்பையை நீட்டினாள். செலீனாவின் எண் நூற்று நாற்பத்தொன்று.

மாசி மாதம் பெரியமடுவிலிருந்து நடராசா வந்தார். நெல் செய்கிறவர். சண்டையில் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி, காடு மண்டிக் கிடந்த வயலைத் துப்புரவாக்கி விதைத்தவர். அவருடைய தண்ணீர் பம்பை மன்னாரில் ஒருவரும் திருத்த எடுக்கமாட்டேன் என்றபோது சிங்கராசா தன் கொட்டகையில் மூன்று நாள் அதோடு இருந்து ஓடவைத்துக் கொடுத்திருந்தார். அந்த நன்றிக்கு, திரும்பி வந்தபிறகு நல்லாய் விளைந்த முதல் போகத்து அரிசியில் ஒரு மூட்டையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

செலீனா மத்தியானச் சாப்பாடு போட்டாள். நடராசா ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினார்.

"தங்கச்சி, இது என்ன மா?"

"நீங்களே சொல்லுங்கோ" என்றார் சிங்கராசா.

"ஒடியலோ?"

"இல்லை அண்ணை."

"உழுந்தோ?"

மாவே இல்லை என்று சொன்னதும் நடராசா கோப்பைக்குள் குனிந்து பார்த்தார். பிறகு கதை முழுவதையும் கேட்டார். கலண்டரைக் கழற்றி ஒவ்வொரு நாளாக வாசித்தார். கடைசியில் விரலை நீட்டி, "எனக்கும் ஒருக்கால் குத்துங்கோ பாப்பம்" என்றார் சிரித்துக்கொண்டே.

புது ஊசி போட்டுச் சிங்கராசா குத்தினார். முந்நூற்றுப் பன்னிரண்டு.

விரலில் ஏதாவது ஒட்டியிருக்கும் என்று சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னார். ஈரம் துடைத்து மற்றக் கையில் குத்தினார். முந்நூற்றுப் பதினெட்டு.

சிரிப்பு நின்றது. "எனக்கும் எந்நேரமும் தண்ணி விடாய்க்கும்தான்" என்றார் நடராசா. "வயல் வெயிலாக்கும் எண்டு நினைச்சன்." பிறகு வாசலில் இருந்த மூட்டையைப் பார்த்தார். "முகாமில வரிசையில நிண்டு வாங்கின புழுத்த அரிசியை, ஒரு நாளைக்கு என்ர வயல் அரிசியைச் சாப்பிடுவன் எண்டு நினைச்சு நினைச்சுத்தான் விழுங்கினனான். இப்ப அதைத் தின்னாதை எண்டால், நான் ஏன் தம்பி விதைக்கவேணும்?"

சிங்கராசா செலீனாவைப் பார்த்தார். 

செலீனா மூட்டையைப் பிரித்து ஒரு சுண்டு அரிசி அளந்து உலையில் போட்டாள். வெந்ததும் ஆளுக்கு ஒரு சின்ன அகப்பை வைத்தாள். தனக்கும் வைத்தாள். பக்கத்தில் பயற்றங்காய் வறையும் மீனும் நிறைய.

"தின்னாதேங்கோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. வயிறு நிரப்புறது மீனும் மரக்கறியும். இது ருசிக்கு. மண்டபத்தில இருந்து வந்த எனக்கும் ஒரு கை சோறு வேணும்தானே."

நடராசா அந்த ஒரு கை சோற்றை மெதுவாக, மென்று மென்று சாப்பிட்டார். "வாசம் வந்திருக்கு, என்ன?" என்று கேட்டார். "ஓம் அண்ணை, நல்ல வாசம்" என்றாள் அவள். அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு சிங்கராசா ஒருவருக்கும் குத்திப் பார்க்கவில்லை.

நடராசாவை அன்றிரவு மறித்து வைத்து, விடியக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். மருந்து கொடுத்தார்கள். பஸ்ஸில் ஏறும்போது மனிதர் கோவாவை எந்த அளவுக்கு அரிவது என்று மட்டும் கேட்டார்.

சித்திரை முடிவில் பம்பைச் சுற்றுகிற பட்டி அறுந்துவிட்டது, புதிது போடவேண்டும் என்று பெரியமடுவிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சிங்கராசா மோட்டார்சைக்கிளில் போனார். நடராசா மெலிந்திருந்தார், நடை சுறுசுறுப்பாக இருந்தது. வரம்போரம் பாவலும் பயற்றையும் கொடி ஏறியிருந்தன. வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கும் வீட்டுக்கும் ஒரே சட்டிதான் என்றார். அவருடைய மனைவி பரமேஸ்வரியைச் சிங்கராசா அன்றைக்குத்தான் முதன்முதல் பார்த்தார். பரமேஸ்வரி, வந்தவரை இருக்கச் சொல்லுமுன்னமே ஒரு கொப்பியை விரித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். வவுனியாவில் இருக்கிற தம்பி ஒரு மெசின் வாங்கிக் கொடுத்திருந்தாராம்.

"சுறா இஞ்ச கிடைக்காது. குளத்து வராலைப் போட்டன். புட்டு நல்லா வந்தது. அது பரவாயில்லை. எனக்கு வேறயொரு கேள்வி."

"கேளுங்கோ அக்கா."

"ராத்திரி படுக்கேக்க குத்தினன், நூற்று இருபது. விடியும் வரைக்கும் மனிசன் ஒரு மிடறு தண்ணிதான் குடிச்சவர். விடியக் குத்தினால் நூற்றைம்பது. மூண்டு நாளும் அப்பிடித்தான். ஒண்டும் தின்னாமல் எங்கயிருந்து ஏறுது?"

சிங்கராசா கொப்பியை வாங்கி மூன்று நாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செலீனாவுக்கு விடியக்காலையில் ஒரு நாளாவது குத்திப் பார்க்காமல் விட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"தெரியேல்லை அக்கா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில், ஒரு புது எஞ்சினைத் திறக்கப்போகிறவரின் சந்தோசம் இருந்தது. "நாளைக்கு விடிய வீட்டில செலீனாவுக்கு ஒருக்கால் குத்திப் பாத்திட்டு, தாதியிட்டையும் கேட்டு வாறன்."

பம்புக்குப் பட்டியைப் போட்டு ஓடவைத்துக் காட்டிவிட்டு, கொப்பியின் அந்தப் பக்கத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மன்னாருக்குத் திரும்பினார்.