மொட்டைக்கரட்டுச் சிலந்தி

சிலந்தி விஷயத்தில் நான் சைபர். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தவளை. ஊர்க்காரர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் உண்டா? ‘பூச்சி வாத்தியார்’ என்று யாரோ கைகாட்டிவிட, சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து மாயக்காள் என்பவர் ஊறுகாய் பாட்டிலோடு வந்து நின்றார்.

உள்ளே இருந்ததைப் பார்த்து நானே ஓர் எட்டு பின்வாங்கினேன். உள்ளங்கை அகலம். சப்பாத்தி மாதிரித் தட்டையான உடம்பு. சாம்பல் நிறக் கால்களில் மஞ்சள் பட்டை. ஊரை ஒட்டிய மொட்டைக்கரடு என்னும் சிறு குன்றில், பாறை இடுக்கில் பிடித்தாராம். வேறெங்கும் கண்டதில்லையாம்.

அவருக்கு வேண்டியது பெயர் அல்ல. கரட்டைக் கல்குவாரிக்கு விடப்போகிறார்கள். அதில் விழும் மழைதான் இறங்கி அவர்கள் கிணறுகளுக்கு வருகிறது. கரடு போனால் தக்காளி வெள்ளாமையும் இல்லை, ஊரும் இல்லை. மனுக் கொடுத்து ஓய்ந்துபோனவர்களிடம், அபூர்வமான உயிர் ஏதாவது இருந்தால் தடுத்துவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனை வாய்க்குள் போன கரும்பை எட்டுக்கால் பூச்சியா இழுத்து வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னோடு படித்த அறிவுச்செல்வி சிலந்தி ஆராய்ச்சி செய்கிறாள். அவளுக்குப் படம் அனுப்பினேன். அன்று மாலையே பரபரப்பாகக் கூப்பிட்டாள். இதுவரை யாரும் பெயர் வைக்காத இனமாக இருக்கலாம். ஆனால் இது பெண், வளர்ந்த ஆண் ஒன்றைப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது என்றாள். ஆணுக்கு வாயருகே இரண்டு சிறு குமிழ்கள் புடைத்திருக்குமாம். அதை அப்படியே மாயக்காளிடம் போனில் சொன்னேன். ஆண் வேண்டும், தேடிப் பாருங்கள் என்றேன். ஒன்று போதும், மற்றதை விட்டுவிடுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. படித்த முட்டாள்.

ஊரே கரட்டில் ஏறியிருக்கிறது. கிட்டப் போய்க் குமிழைப் பார்க்கப் பயந்து, கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்தார்கள். ஓடிவிடக் கூடாதென்று மேலே பெட்ரோல் ஊற்றினார்கள். பத்து நாள் கழித்து ஒரு பெயின்ட் வாளியைக் கொண்டுவந்து என் மேசையருகே இறக்கினார்கள். ஆண், பெண், குஞ்சு குளுவான், முட்டைப் பை வரை இருந்தது.

அறிவுச்செல்வி வந்து பார்த்தாள். புது இனம்தான், சந்தேகமே இல்லை என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவள் வனத்துறைக்கு எழுதிய கடிதத்தை மதித்து அடுத்த மாதம் ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை இடுக்கு இடுக்காக டார்ச் அடித்துத் தேடினார்கள். ஒரு குஞ்சுகூட இல்லை. உயிரோடு ஒன்றையாவது இங்கே பார்த்தால்தான் குவாரியைத் தடுக்க முடியும் என்று அதிகாரி செழியன் தன்மையாகச் சொன்னார்.

மாயக்காளுக்கு விளங்கவில்லை. பெருமையாகவே பதில் சொன்னார்.

“எப்படி சார் இருக்கும்? அம்புட்டையும் நாங்கதான பிடிச்சுக் குடுத்தோம். ஒண்ணக்கூட விடலயே.”

செழியன் என்னைப் பார்த்தார். நான் கரட்டைப் பார்த்தேன். ‘காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போன பிறகு மாயக்காள் என்னிடம் வந்தார்.

“பத்தலையா சார்? இன்னும் எம்புட்டு வேணும்னு சொல்லுங்க. நாளைக்கே ஆளக் கூட்டிட்டு ஏறுறேன்.”