நிற்காத போர்ட் ரயில்

எங்கள் கல்லூரியின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், அந்தக் கூட்டத்துக்கு நான் போகாததுதான். வராதவன் பெயரை, அதாவது நான்கிவெல் என்று, எழுதிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். கப்பற்படைக்கு என்ஜினியர் அதிகாரிகளை உருவாக்க, பிளிமத்துக்கு வெளியே கிரேன்மூர் குன்றின்மேல் எழுபது வருஷமாக நடக்கிற கல்லூரி. பழைய கதைகளைக் கிளறக் கிளற எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எங்கள் ஆட்களால் ஒரு பொருளைச் சும்மா விட்டுவைக்க முடியாது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கோபுரக் கடிகாரத்தை ஒரு வகுப்பு திருத்தியது. அந்த வருஷம் இங்கிலாந்திலேயே முதலில் கிறிஸ்துமஸ் கொண்டாடியது நாங்கள்தான். குளியலறை வெந்நீர்க் குழாயை இன்னொரு வகுப்பு திருத்தியது. அதற்குப் பிறகு கல்லூரிப் பூனை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த லட்சணத்தில் அட்மிரல் பர்ஸ்கோ விருந்துக்கு வந்தார். அவர் மேல்தளத்து ஆள், கப்பலை ஓட்டுகிற ஜாதி. அவர்களுக்கு எங்களைக் கண்டாலே ஆகாது; எங்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'எண்ணெய்த் துணி'. வந்து இறங்கியதும் கல்லூரித் தலைவர் கேப்டன் ட்ரெவினிடம் போட்டு உடைத்துவிட்டார்.

"இங்க பாருங்க ட்ரெவின், இதை இழுத்து மூடிடலாம்னு இருக்கேன். உங்க பசங்க மத்தவங்களோட சேர்ந்தே படிக்கட்டும். நாளைக்கு லண்டன் போனதும் சொல்லிடப் போறேன்."

"சாப்பிட்டுட்டு முடிவு பண்ணுங்க சார்," என்றார் ட்ரெவின். இங்கேயே படித்து, இங்கேயே பாடம் நடத்தி, தலை நரைத்தவர். முகம் சுண்டிப் போயிற்று.

அவரை அசத்த நாங்கள் நம்பியிருந்தது போர்ட் ரயிலை. மேஜையின் விளிம்பைச் சுற்றித் தண்டவாளம், அதில் முழங்கை நீளத்துக்கு நிஜமான நீராவி என்ஜின், பின்னால் ஒரு பெட்டியில் போர்ட் ஒயின் குடுவை. ஒயின் இடப்பக்கமாகத்தான் போக வேண்டும். பின்னால் வரவே கூடாது. முதலில் விருந்தாளி தன் கையால் ஊற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை வேறு எவனும் ரயிலைத் தொடக்கூடாது. எல்லோருக்கும் ஊற்றி ராணிக்கு வாழ்த்துச் சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. வாழ்த்தைக்கூட உட்கார்ந்தபடியேதான் சொல்வோம். கப்பலில் நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்று வந்த கப்பற்படை வழக்கம். ஒத்திகையில் ரயில் சாதுவாக ஆளுக்கு ஆள் நின்று போனது.

ஆட்டுக்கறி முடிந்தது, சீஸ் முடிந்தது. ட்ரெவின் கைப்பிடியைத் தள்ளினார். விசில் கேட்டது. அடுத்து நாங்கள் பார்த்தது, கடுகுக் கிண்ணம் பறந்ததைத்தான்.

அட்மிரல் கையை நீட்டுவதற்குள் ரயில் அவரைத் தாண்டிவிட்டது. இரண்டாவது சுற்றில் குனிந்து பார்த்தார். பெட்டியின் கொக்கி அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டது.

"யோவ், என் கண்ணாடி எங்கய்யா?"

"இதோ வருது சார்," என்றேன். "போயிடுச்சு சார்."

கண்ணாடி இல்லாமல் அவருக்கு ரயில் தெரியவில்லை. ரயிலைப் பிடிக்காமல் கண்ணாடி கிடைக்காது. நாலைந்து முறை காற்றைப் பிடித்தார். கொதிகலன் பாடம் நடத்தும் யெல்லண்ட் பொறுக்க மாட்டாமல் நாற்காலியைத் தள்ளினான்.

"உட்காருய்யா!" என்று அட்மிரல் கத்தினார். "ராணிக்கு வாழ்த்துச் சொல்லாம எவன் எழுந்திருக்கிறது? எவன் இதுல கை வெச்சான்? அதைச் சொல்லுங்க முதல்ல."

பட்டறைக்குப் பொறுப்பான பெதரிக்தான் முதலில் வாயைத் திறந்தான். "பர்னர் துளையைக் கொஞ்சம் பெருசு பண்ணினேன் சார். உங்க முன்னாடி சோம்பலாப் போனா நல்லாவா இருக்கும்?"

"அடப்பாவி, நான் பிரேக் எடையைக் கழட்டிட்டேனே!" என்றான் யெல்லண்ட். "சும்மா பாரம்தானேன்னு."

ட்ரெவின் தொண்டையைச் செருமினார். "சேஃப்டி வால்வைக் கம்பி போட்டுக் கட்டினது நான்தான். பேசும்போது உஸ்ஸுன்னு சத்தம் வருமேன்னு..."

"ஒருத்தனை ஒருத்தன் கேக்கவே மாட்டீங்களா?"

அந்தக் கேள்வி எழுபது வருஷத்துக்கும் பொருந்தும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தேன். ஒருவனும் நம்பவில்லை.

ரயில் மறுபடி ஒரு சுற்று வந்தது. அட்மிரல் தன் தட்டைப் பார்த்தார்.

"நீங்கள்லாம் விருந்துக்கு உடுப்பு மாத்தப் போனப்ப நான் இங்க தனியா இருந்தேன்," என்றார். "அந்த வேகத் திருகு லூசா இருந்த மாதிரி தெரிஞ்சுது. அரை சுத்துதான்யா திருகினேன்."

மேல்தளத்து அட்மிரல் ஒருவர் திருகைத் திருகினார் என்பது வெளியே தெரிந்தால், அவருடைய கிளப்பில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

"எதால சார் திருகினீங்க?" என்று பெதரிக் ஆசையோடு கேட்டான்.

"சீஸ் கத்தியால."

"நல்ல பிடிமானம் சார் அது," என்றான் யெல்லண்ட்.

அந்த நேரம் பார்த்து ரயில் புஸ்ஸென்று மூச்சு விட்டு நின்றது. அட்மிரலைத் தாண்டி, அவர் கைக்கு எட்டாத தூரத்தில்! பின்னால் இழுக்கக் கூடாது. வேறு யாரும் தொடவும் கூடாது.

"வரலாற்று வாத்தியாரே," என்று அட்மிரல் என் பக்கம் திரும்பினார். "ஊதக்கூடாதுன்னு விதி இருக்கா?"

"இல்லை சார்."

மேஜையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் பதக்கங்களோடு, கன்னம் உப்ப, ஆளுக்குக் கொஞ்ச தூரமாக அந்த ரயிலை ஊதிக்கொண்டு போனோம். வளைவில் மாட்டிக்கொண்டபோது ட்ரெவினுக்கு மயக்கமே வந்துவிட்டது. கடைசி முழத்தை அட்மிரல் தானே உறிஞ்சி இழுத்தார். கண்ணாடியை எடுத்து மாட்டினார், ஒயினை ஊற்றினார். ஒருவழியாக ராணிக்கு வாழ்த்துச் சொன்னோம்.

பிறகு அவர் என் காதோரம் சாய்ந்தார். "நான்கிவெல், இதெல்லாம் உங்க புத்தகத்துல வருமா?"

நான் சொன்னேன்: "கல்லூரியை மூடிட்டா கடைசி அத்தியாயம்னு ஒண்ணு எழுதித்தானே சார் ஆகணும்? கடைசி விருந்துல யார் யார் என்ன திருகினாங்கன்னு எல்லாம் வரும்."

"மூடலேன்னா?"

"கடைசி அத்தியாயமே கிடையாது சார்."

அவர் என்னை முறைத்தார். அப்புறம் என்ஜினை உற்றுப் பார்த்தார். விரலால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, காதை வைத்துக் கேட்டார்.

"ட்ரெவின்," என்றார், "இந்தப் பின் அச்சு கொஞ்சம் கோணலா இருக்கு. யாரும் கை வெக்காதீங்க. அடுத்த வருஷம் வந்து நானே பாத்துக்கறேன்."