சாப்பாட்டு ஹாலில் மூன்று மேகலாக்கள்

1

இந்தக் கதை எனக்கு ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பேருந்தில் கிடைத்தது. முன் சீட்டில் ஒரு பெண். பள்ளிகொண்டா வருவதற்குள் அவளுக்கு மூன்று போன் வந்துவிட்டது. முதல் போனில், "நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே மாத்திடலாம் சார்" என்று குழைந்தாள். இரண்டாவதில், "ஆதாரம் இல்லாம எதையும் எழுத முடியாதுங்க" என்று விறைத்தாள். மூன்றாவதில், "நாளைக்கு மாடல் வரலன்னா கிளாஸுக்குள்ள வராத" என்று யாரையோ விரட்டினாள். பிறகு போனைப் பையில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

நான் அவளிடம் பேசவில்லை. பேசியிருந்தால் உண்மை தெரிந்துபோய், கதை கெட்டிருக்கும். மேகலா என்று பெயர் வைத்தேன். ஆர்க்கிடெக்ட் ஆக்கினேன். [முதலில் டாக்டர் என்று எழுதினேன். வேலூர்க் கதை என்றாலே டாக்டரா என்று அடித்துவிட்டேன்.]

2

தொடக்கம் ஒன்று: "பாலாற்று மணலில் அந்தி வெயில் சாய்ந்தபோது, மேகலா தன் கனவுக் கட்டடத்தை..."

வேண்டாம். பாலாற்றில் மணல் கம்மி. மேகலாவுக்கு அந்தியைப் பார்க்க நேரமும் கம்மி.

தொடக்கம் இரண்டு: மேகலாவிடம் மூன்று விசிட்டிங் கார்டு இருந்தது.

இது பரவாயில்லை. ஒரு கார்டில், ஆம்பூர் பைபாஸ் ரோட்டோரம் மாடியில் இருக்கும் அவளுடைய ஆபீஸ். இன்னொன்றில், வேலூருக்கு வெளியே ஒரு தனியார் கட்டடக்கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். மூன்றாவதில் முனைவர் பட்ட ஆய்வாளர். தோல் தொழிற்சாலைக் கட்டடங்களில் வெப்பமும் வசதியும் பற்றி ஆராய்ச்சி. ஆக, கட்டடம் வரைபவளும் அவள்தான், எப்படி வரைய வேண்டும் என்று பாடம் நடத்துபவளும் அவள்தான், வரைந்தது ஏன் சரியில்லை என்று எழுதுபவளும் அவள்தான். மூன்று பேரும் ஒரே பஸ் சீட்டில் உட்கார்ந்து போவதால் இத்தனை நாள் சண்டை வரவில்லை.

சண்டையைக் கிளப்பியது ஒரு சாப்பாட்டு ஹால்.

ஒரு ஷூ கம்பெனியின் பெண் தொழிலாளர்களுக்காக மேகலா கட்டிக்கொடுத்த ஹால் அது. ஜன்னலுக்குப் பதிலாக, செங்கல்களுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டிய ஜாலி சுவர். ஒரு கட்டடக்கலைப் பத்திரிகையில் படம் வந்தது. வகுப்பில் காற்றோட்டப் பாடம் வந்தால் அந்தப் படம் திரையில் வந்துவிடும். ஆராய்ச்சிக்கு ஒரு கட்டடம் தேவைப்பட்டபோதும் மேகலா அதையே எடுத்துக்கொண்டாள்.*

* தான் வைத்த குழம்புக்குத் தானே மார்க் போடலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அவளுடைய ஆய்வு வழிகாட்டி கேட்கவில்லை. அவருக்கும் சொந்தமாக ஆபீஸ் இருக்கிறது.

துறைத் தலைவர் ராமமூர்த்தி அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மேகலா, ஜூனுக்குள்ள தீசிஸ் உள்ள போயாகணும். இல்லன்னா உங்க போஸ்டுக்கு நான் விளம்பரம் குடுக்கணும். எனக்கு அது பெரிய பேஜார்."

அதே வாரம் கம்பெனி மேனேஜர் முனீர் அகமது போன் செய்தார். "ஹால் நல்லா இருக்குன்னு ரிசர்ச்ல வரட்டும் மேடம். ஷூ வாங்குற வெளிநாட்டு பையருக்குக் காட்டலாம். மொதலாளி லேடீஸ் ஹாஸ்டல் ஒண்ணு கட்டணும்றார். உங்களுக்குத்தான்."

ஹால் குளுமையாக இருந்தால் கல்லூரி வேலையும் நிலைக்கும், ஹாஸ்டலும் வரும். ஜாலி சுவரில் ஒரு பெண்ணின் இரண்டு வருமானமும் தொங்கிக்கொண்டிருந்தன.

3

கம்பெனிக்கு முன்கூட்டியே மெயில் போட்டுவிட்டு, இறுதியாண்டு மாணவர்களோடு போய் இறங்கினாள். ஹால் பளபளத்தது. வாசலில் கோலம்கூட இருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பேசாமல் சாப்பிட்டார்கள். சுவரில் வைத்த வெப்பமானிகள் எல்லாம் வெளியைவிட உள்ளே குளுமை என்றன. மேகலா பூரித்துப்போய்ப் பெண்களிடம் பேச உட்கார்ந்தாள்.

"இங்க காத்து நல்லா வருதாம்மா?"

"வருதுங்க மேடம். பதினெட்டு வயசு ஆனவங்கதான் வேல செய்றோம்."

"வெயில் காலத்துல சூடு ஜாஸ்தியா இருக்கா?"

"இல்லீங்க. ஓவர்டைம் எங்க இஷ்டம். நெருப்பு புடிச்சா ஓடுற வழி எப்பவும் தொறந்தே இருக்கும்."

பெஞ்சு உயரம் சரியாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, மூன்றாவது பெண் முதலுதவிப் பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டினாள்.

[இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு: ஷூ வெளிநாடு போகிறது. வாங்குகிறவர்களின் ஆட்கள் வந்து, கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று தொழிலாளர்களிடம் கேட்பார்கள். அது ஆடிட். பதில்களைப் பழக்கி வைத்திருப்பார்கள். கையில் அட்டையோடு வந்து அன்பாகப் பேசும் யாராக இருந்தாலும் ஆடிட் ஆள்தான்.]

மாணவி அஃப்ஷா காதருகே வந்தாள். "மேடம், நம்மள ஆடிட்டுன்னு நெனச்சிட்டாங்க."

"தெரியுது."

"அப்ப இந்த ரீடிங்?"

"ரீடிங் ரீடிங்தான். கருவி பொய் சொல்லாது."

இதைச் சொன்னது மூன்று மேகலாக்களில் யார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

4

இந்த இடத்தில் எனக்கு மேகலா மேல் சந்தேகம் வந்தது. ஆம்பூரில் தொழில் செய்கிறவளுக்கு, சொல்லிவிட்டுப் போனால் இப்படித்தான் ஆகும் என்று தெரியாதா? தெரியாது என்றால் அசடு. தெரியும் என்றால் கெட்டிக்காரி. வார இதழுக்கு இரண்டாவதுதான் தோது; கெட்டவளுக்கு வாசகர் கடிதம் நிறைய வரும். "மேகலா கண்ணாடி முன் நின்று விஷமமாகச் சிரித்தா..." என்று எழுதிப் பார்த்தேன். அவள் சிரிக்க மறுத்துவிட்டாள். அவள் தெரிந்துகொள்ள விரும்பவில்லை, அவ்வளவுதான். நம்மில் பலர் அப்படித்தான் பிழைக்கிறோம்.

அஃப்ஷா விடவில்லை. கல்லூரிக்குத் திரும்பும் வழியில் ஆரம்பித்தாள்.

"போன செமஸ்டர்ல என் ஆஸ்பத்திரி டிசைனப் பாத்து இன்னா சொன்னீங்க மேடம்? 'ஆளுங்களப் பாத்து வரைஞ்சியா, போட்டோவப் பாத்து வரைஞ்சியா'ன்னு கேட்டு ஷீட்டத் திருப்பிப் போட்டீங்க."

"அது ஸ்டூடன்ட் வேலை."

"இது?"

மேகலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மேடம், ஒரு கருவிய ஜாலிலயே மறந்து வெச்சிட்டேன்."

"மறந்தியா?"

"ஆமா மேடம். ரொம்ப கவனமா மறந்தேன்."

5

இந்த முறை கம்பெனிக்குச் சொல்லாமல், மறந்த பொருளை எடுக்க இரண்டு பேரும் மறுவாரம் போனார்கள். வாட்ச்மேன் பொருளின் பெயரைக் கேட்டுக் குழம்பி உள்ளே விட்டார். சாப்பாட்டு மணி அடித்தது.

ஹாலில் ஒருவரும் இல்லை. தரையிலிருந்து ஜாலி சுவரின் உச்சி வரை ஷூ அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. செங்கல் இடுக்கில் காற்று வந்து பெட்டியில் முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. சிரிப்புச் சத்தம் பின்பக்கத்திலிருந்து வந்தது.

சைக்கிள் ஸ்டாண்ட். தகரக் கூரை. சித்திரை வெயிலில் தோசைக்கல். அதன் கீழே, மொபெட்டுகளுக்கு நடுவே, பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து, டப்பாக்களை நடுவில் வைத்துப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். முதலுதவிப் பெட்டியைக் காட்டிய பெண்ணும் இருந்தாள். தேவகி என்று பெயர். தையல் லைனில் வேலை.

"ஐயோ, ஆடிட்டு!" என்று எழப் போனவளை மேகலா உட்கார வைத்தாள்.

"நான் ஆடிட் இல்லம்மா. அந்த ஹாலக் கட்டினவ. ஏன் இந்தச் சூட்டுல வந்து உக்காந்திருக்கீங்க?"

"அங்க உக்காந்தா மேனேஜர் சார் மேல கண்ணாடி ரூம்லேர்ந்து பாத்துனே இருப்பாரு. சோறு எறங்குமா சொல்லு? நாங்க போறதில்லன்னு பொட்டி அடுக்கிட்டாங்க."

அந்தக் கண்ணாடி அறையை ஹாலைப் பார்த்தபடி வரைந்தவள் மேகலாதான். ஒரே பார்வையில் எல்லாம் தெரிய வேண்டும் என்று முனீர் அகமது கேட்டார். பத்திரிகையில் அதை 'வெளிப்படையான கட்டடம்' என்று எழுதினாள். சைக்கிள் ஸ்டாண்டும் அவள் போட்டதுதான். கட்டட அனுமதிக்கு வேண்டும் என்பதற்காக, டீ ஆறுவதற்குள் வரைந்து, ஜெனரேட்டர் ரூம் சுவருக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தாள். எந்த ஜன்னலிலிருந்தும் அது தெரியாது.

"இங்க இன்னா பேசுவீங்கக்கா?" என்றாள் அஃப்ஷா.

"ம்... உங்க மேடம் எந்தக் கடைல பொடவ எடுத்தாங்கன்னு பேசுவோம்."

ஒரே சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியாது என்று லைன் மொத்தமும் சேர்ந்து சொன்ன முடிவை இந்தத் தகரத்தின் கீழேதான் எடுத்தார்கள் என்று அப்புறம் பக்கத்துப் பெண் மெல்லச் சொன்னாள். தேவகி அவள் தொடையில் கிள்ளினாள். பிறகு மேகலாவின் பக்கம் திரும்பினாள்.

"இத எழுதிடாத மேடம். எழுதுனா நாளைக்கே கேமரா வந்துடும்."

6

முடிவுகள், கைவசம் உள்ளவை:

மேகலா ஆடிட் நாள் ரீடிங்கை வைத்து தீசிஸை முடிக்கிறாள். ராமமூர்த்தி இனிப்பு கொடுக்கிறார். ஹாஸ்டல் எழும்புகிறது. அதிலும் ஒரே பார்வையில் எல்லாம் தெரிகிறது.

அல்லது, கண்டதைக் கண்டபடி எழுதுகிறாள். அவள் எழுதியதிலேயே அருமையான அத்தியாயம். தேர்வாளர்கள் பாராட்டுகிறார்கள். முனீர் அகமதும் படித்துவிட்டு நன்றி சொல்கிறார். அவர் கெட்டவர் இல்லை. 'லேடீஸ் சேஃப்டிக்கு' என்று மனதார நம்பித்தான் சைக்கிள் ஸ்டாண்டில் கேமரா மாட்டுகிறார்.

அல்லது, எதையும் எழுதாமல் ஜூனைக் கடக்க விடுகிறாள். விளம்பரம் வருகிறது. சில வருடம் கழித்து அந்த நாற்காலியில் அஃப்ஷா உட்கார்ந்து, மாணவர்களின் ஷீட்டைத் திருப்பிப் போ...

மூன்று மேகலாவுக்கும் ஆளுக்கொரு முடிவு பிடித்திருந்தது. ஆளுக்கொன்று கொடுக்க எனக்கு வழியில்லை. ஆபீஸில் கணினி முன் அவளை உட்கார வைத்தேன். "பெண்கள் உண்மையில் உணவருந்தும் இடம்" என்று அடித்து நிறுத்தியிருக்கிறாள். அஃப்ஷா போனில் கேட்கிறாள்: "மேடம், தீசிஸ்ல போடுற கம்பெனி மேப்ல அத மார்க் பண்ணட்டுமா, வேணாமா?"

7

அவளுக்கு அறிவுரை சொல்லலாம் என்று பேனாவை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த வார இதழ் ஆம்பூர் கம்பெனிகளின் வரவேற்பறை டீப்பாய்களில் கிடக்கும். காத்திருப்பவர்கள் புரட்டுவார்கள். மேனேஜர்களும் புரட்டுவார்கள். மேகலா எழுதலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் விஷயத்தை, நான் ஐந்தாம் பகுதியிலேயே கூரை, சுவர், திசையோடு எழுதித் தொலைத்துவிட்டேன்.

ஆகவே திருத்தங்கள். சைக்கிள் ஸ்டாண்ட் என்றது பொய். ஜெனரேட்டர் ரூமும் பொய். கம்பெனி ஆம்பூரில்தான் என்பதற்கும் நான் பொறுப்பில்லை. திமிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே ஷூ கம்பெனி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். தேவகி என்று யாரும் இல்லை. இருந்தாலும் தையல் லைனில் இல்லை. அந்தப் பெண்கள் மதியம் சாப்பிடும் இடம் உண்மையில்

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

மேகலா அஃப்ஷாவுக்கு என்ன பதில் சொன்னாள், ஜூனில் என்ன ஆனது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு வேலை கொடுங்கள், ஹாஸ்டல் கொடுங்கள், பட்டம் கொடுங்கள், அல்லது மூன்றையும் பிடுங்குங்கள், உங்கள் இஷ்டம். மேப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். மணி அடித்துவிட்டது. அவர்கள் டப்பாவைத் திறந்துகொண்டிருக்கிறார்கள்.